நாலு ஆமாம்

படிவத்தில் நாலு கட்டம்.
நாலிலும் 'ஆமாம், நியாயமானது' என்று குறித்தவள் நான்தான்.
கிண்டியில் ஏழாவது மாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது மே மாதம்.

புகார்களை எண்ணும் நிரலுக்குச் சாதி தெரியாது.
எங்கே அதிகம் கேட்கிறார்களோ அங்கே லாரி.
வழி சொல்லும் நிரலுக்கு டீசல் மட்டும்தான் சொந்தம்.
ஓட்டுநருக்கு மதிப்பெண் போடுவது
முகம் பார்க்காது, கடிகாரம் பார்க்கும்.
நாளைய தாகத்தை இன்றே கணிக்கும் நாலாவதோ
நேற்று தண்ணீர் எங்கே போனதென்று மட்டும் பார்க்கும்.
இதில் கொஞ்சம் தயங்கினேன்.
மணி ஐந்தே கால். குறித்துவிட்டேன்.

கையெழுத்து மட்டும் பாக்கி.
ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாமென்று போனேன்.

பெரும்பாக்கத்தில் நூற்றுப் பதினேழாம் பிளாக்,
படிக்கட்டுச் சுவரில் கரித்துண்டுக் கோடுகள்.
லாரி வந்த நாளுக்கு ஒன்று.
ஏப்ரலில் ஒன்பது. மேயில் நாலு.
"புகார் பண்ணலையா?"
கோடு கிழிக்கும் ஜெபமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"பண்ணினோம். வரலை. விட்டுட்டோம்."
விட்டதை முதல் நிரல் இப்படிப் படித்துக்கொண்டது:
இங்கே தாகம் தீர்ந்தது.

மீதியை எபினேசர் சொன்னார், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி.
"அபார்ட்மென்ட்ல ஒரே ஓஸ். பன்னெண்டு நிமிஷம், முடிஞ்சுது.
இங்க முந்நூறு குடம், மேடம். முக்கால் மணி நேரம்.
நட்சத்திரம் ஒண்ணு கொறஞ்சா
மறுநாள் ரெண்டு டிரிப்பு கொறையும்.
எனக்கு இவங்க மேல கோவமா என்ன?"
டேங்கரின் அடிக்குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.
சொட்டுக்குக் கீழே
சொம்பு ஒன்றை வைத்துவிட்டு ஓடியது ஒரு பிள்ளை.

அந்த அபார்ட்மென்ட்டில் யாரும் தண்ணீர் கேட்பதே இல்லை.
துரைப்பாக்கத்துத் தொட்டிக்குள் ஒரு கண்;
மட்டம் இறங்கினால் அதுவே பதிவுசெய்கிறது,
பன்னிரண்டு அடித்த மறு நொடியில்.
எந்த விரல் அதை முந்தும்?
கேட்பதும் நிரல், தருவதும் நிரல்.
ஒன்றை ஒன்று பார்த்துக் கற்றுக்கொள்கின்றன,
சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து
விலை பேசுகிறவர்களைப் போல.
துண்டுக்கு வெளியே நிற்கிறது மாடு.

ஒரு வியாழக்கிழமை தொண்ணூற்றாறு வீடும் பேசி வைத்துக்கொண்டு
ஒரே நேரத்தில் புகார் அனுப்பின.
அழுத்தத் தெரியாதவர்களுக்கு
ஜெபமணியே போன் போனாக அழுத்திக் கொடுத்தாள்.
அதுவரை இல்லாத வேகத்தில் வந்தது பதில்:
இயல்புக்கு மாறான எண்ணிக்கை. போலியாக இருக்கலாம்.
நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

நாலையும் தனித்தனியாக விசாரித்தேன்.
நாலும் குற்றமற்றவை.
என்னையும் சேர்த்தால் ஐந்து.

லாரி வந்த ராத்திரி, ரெண்டரை மணி, நானும் நின்றேன்.
ஆள் வராத இடத்தில் ஒரு செங்கல், ஓர் ஒற்றைச் செருப்பு.
சண்டை வந்தது. வராமல் எப்படி.
மூன்றாம் மாடி பர்வீனின் குடத்தை
எட்டு மாசம் என்று யாரோ முன்னால் தள்ள,
"போன வாட்டி கேட்டப்பவும் எட்டு மாசம்தான்!" என்று ஒரு குரல்.
சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.
அதுவும் அநியாயமாக இருக்கலாம்.
ஆனால் கத்துவதற்கு
எதிரே ஒரு முகம் இருந்தது.

திங்கட்கிழமை, படிவத்தின் ஓரத்தில்
ஐந்தாவது கட்டம் ஒன்று வரைந்தேன்,
ஸ்கேல் இல்லாமல், கோணலாக.
'நாலும் சேர்ந்தால்?' என்று எழுதிக்
கையெழுத்துப் போடாமல் கொடுத்தேன்.

ஸ்கேன் ஆகித் திரும்பி வந்த பிரதியில்
ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.
மிச்சம் இருந்தது இவ்வளவுதான்:
நாலும் சே